காயாத ஒன்பது தொட்டிகள்

காலையிலிருந்து அவர் கொன்றது நாற்பதைத் தாண்டியிருக்கும். பட்டென்று இரண்டு உள்ளங்கைகளும் மோதும். விரித்துப் பார்ப்பார். பேனா முனை பட்டது போல ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டியிருக்கும். அதைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்ததைத் தேடுவார். சில நேரம் மேஜையில் அறைவார், சில நேரம் சுவரில். ஒருமுறை ஆத்திரத்தில் தன் கன்னத்திலேயே ஓங்கி அறைந்துகொண்டார். ஈ தப்பித்துவிட்டது.

வீட்டின் முன்னறைதான் அவருடைய செல்போன் பழுது பார்க்கும் கடை. தெருவில் எல்லோருக்கும் அவர் போன்காரர். தெருவைப் பார்த்த கதவு, அதையொட்டி ஒரு பெரிய ஜன்னல், எதிரே வேலை மேஜை, மேஜையில் கழுத்து வளைந்த விளக்கு. அந்த விளக்கைச் சுற்றித்தான் அந்தப் பொடி ஈக்கள் மிதந்தன. எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். கடிக்காது. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஆடும், மூக்குக்குள் நுழையும், தேநீரில் விழுந்து சாகும்.

அவர் வேலையோ ஒரு தூசியைக்கூடப் பொறுக்காத வேலை. உடைந்த கண்ணாடியைச் சூட்டுத் தட்டின் மேல் வைத்து இளக்கிப் பிரிக்க வேண்டும். பழைய பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். புதிதாகப் பசைத்தாள் ஒட்டி, அதன் மேல் புதுக் கண்ணாடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும். அந்த நாலைந்து வினாடியில் எது நடுவில் விழுந்தாலும் அது அங்கேயே தங்கிவிடும். அப்படித்தான் எதிர்வீட்டுத் தையல்காரம்மாள் முந்தின நாள் தன் போனைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"ஏம்ப்பா, என் பேரன் மூக்குல மச்சம் கிடையாது. இந்தப் படத்துல இருக்கு. உத்துப் பார்த்தா அந்த மச்சத்துக்கு ஆறு காலும் இருக்கு."

தெருவே சிரித்தது. அவரால் சிரிக்க முடியவில்லை.

"அடிச்சு அடிச்சு உங்க கைதான் சிவந்து போகுது" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. "அது பாட்டுக்குப் பறக்குது."

"பறக்கட்டும். இந்த மாசக் கடைசி வரைக்கும் பறக்கட்டும். அதுக்கப்புறம் ஒண்ணு இந்த வீட்டுல ஈ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"ஈக்கு வாடகை கட்டத் தெரியாது. நீங்களே இருங்க."

சொல்லிவிட்டாளே தவிர அவள் முகத்தில் சிரிப்பில்லை. ஈ என்று அவர் சொன்னாலும் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். ஈக்கள் வந்தது ஜன்னலோரம் வரிசையாக நின்ற ஒன்பது தொட்டிகளிலிருந்து. ஒன்பது தொட்டிகளும் வந்தது அவள் தங்கையோடு.

ஆறு வாரத்துக்கு முன்னால் சின்னவள் ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஒரு பை. ஒன்பது செடி. இடது கை மோதிர விரலில் கட்டு. "கதவுல நசுங்கிடுச்சு மாமா" என்றாள். கழுத்தில் நாலு நீலத் தடங்கள் இருந்தன. கதவுக்கு அப்படி விரல்கள் கிடையாது. போன்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். நல்ல மனிதர்கள் பலர் இந்த இடத்தில்தான் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறார்கள். கடவுள் அதையும் கணக்கில் வைக்காமல் இருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அவள் புருஷன் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. ஊரில் அவனுக்குச் சிரிப்பு மேஸ்திரி என்று பெயர். யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பான். கிழவிகளின் பையை வாங்கிச் சுமப்பான். வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்ட பிறகும் அவன் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போகாது என்பது சின்னவளுக்கு மட்டும்தான் தெரியும். சிரித்துக்கொண்டேதான் விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான்.

தினம் ஒருமுறை போன்காரருக்கு அவன் போன் வரும். "என்ன சகலை, நம்ம வீட்டுக்காரி எப்ப வரா? செடியெல்லாம் இல்லாம வீடு வெறிச்சோடிக் கிடக்கு." அவ்வளவு இனிமையாக இருக்கும் அந்தக் குரல்.

* * *

இரண்டு நாள் கழித்துப் போன்காரர் கடையைச் சாத்திவிட்டுச் செடி விற்கும் நர்சரிக்குப் போனார். வைக்கோல் தொப்பி போட்ட நர்சரிக்காரம்மாள் அவர் கொண்டுபோன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து செத்த ஈக்களைப் பார்த்தாள்.

"இத்தனையும் கையால அடிச்சதா?"

"ஆமாம்மா."

"பாவம். இது மண்ணு ஈ. நீங்க அடிச்சது பெத்தவங்களை. பிள்ளைங்க எல்லாம் மண்ணுக்குள்ள பத்திரமா இருக்கு. உருளைக்கிழங்கு ஒரு வில்லை வெட்டி மண்ணு மேல வச்சு மறுநாள் திருப்பிப் பாருங்க, தெரியும்."

"மருந்து ஏதாவது..."

"மருந்து வித்தா எனக்கு லாபம்தான். ஆனா இதுக்கு மருந்து, தண்ணி ஊத்தாம இருக்கிறது. ஈர மண்ணுலதான் அது முட்டை போடும். விரலை ரெண்டு கணு வரைக்கும் உள்ள விடுங்க, ஈரம் ஒட்டக் கூடாது. மேல மண்ணு நல்லா காஞ்சிட்டா அத்தனை பிள்ளையும் செத்துப் போகும். பறக்கிறதுக்கு இந்த மஞ்சள் அட்டை. குத்தி வைங்க, தானா வந்து ஒட்டிக்கும்." அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வீட்டுல யாரோ செடி மேல உசுரையே வச்சிருக்காங்க. அதான் தண்ணியைக் கொட்டிக் கொட்டி அழுக வைக்கிறாங்க."

மறுநாள் உருளைக்கிழங்கு வில்லையைத் திருப்பினார். கண்ணாடி நூல் போல, கறுப்புத் தலையோடு, நெளிந்துகொண்டு இருபது முப்பது புழுக்கள். அந்த வில்லையைத் தரையில் போட்டுச் செருப்புக் காலால் நசுக்கினார். நசுக்கிய இடத்தையே மறுபடி மறுபடி நசுக்கினார். சின்னவள் சமையலறை வாசலில் நின்று அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு சின்னு. இன்னைலேருந்து பத்து நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. புரியுதா?"

"சரி மாமா."

"சொட்டுன்னா சொட்டு."

"சரி மாமா."

மூன்றாம் நாள் விரலை விட்டுப் பார்த்தார். சேறாக இருந்தது. தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் தளும்பி நின்றது. மஞ்சள் அட்டைகள் ஈக்களால் கறுத்துப் போயிருந்தன. ஒட்டியவற்றில் பாதி இன்னும் சாகாமல் கால்களை உதைத்துக்கொண்டிருந்தன. விளக்கைச் சுற்றிப் பறந்தவையோ ஒன்றும் குறையவில்லை.

"யாரு ஊத்தினது?" என்று வீடு அதிரக் கத்தினார். மேஜையில் அறைந்தார். கண்ணெதிரில் பறந்ததைப் பட்டென்று தட்டினார். இன்னொன்று. இன்னொன்று.

அன்று மத்தியானம் இன்னொரு போன் பாழாயிற்று. வேன் ஓட்டுகிறவருடையது. கண்ணாடியை இறக்கி முடித்து நிமிர்ந்து பார்க்கிறார், திரையின் நட்டநடுவில் ஒன்று இறக்கை விரித்துப் படுத்திருக்கிறது. அது கண்ணாடிக்கு அடியில் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அப்போது பார்த்துச் சிரிப்பு மேஸ்திரியின் போன் வந்தது.

"என்ன சகலை, குரலே சரியில்ல?"

போன்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "வந்து கூட்டிட்டுப் போங்க. செடியையும் சேர்த்து."

அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு. "அப்படிச் சொல்லுங்க. கையில ஒரு பெரிய வீட்டு வேலை இருக்கு, இன்னும் பன்னெண்டு நாள் ஆகும். முடிச்சிட்டு ஞாயித்துக்கிழமை வந்துடறேன். அதுவரைக்கும் பத்திரமா பாத்துக்கோங்க, என் பொருளை."

பொருள் என்று அவன் சொன்னது போன்காரர் காதில் விழுந்தது. விழுந்ததைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்.

* * *

மனிதன் செய்யும் கெடுதலுக்கு உடனே விளைவு வருவதில்லை. இடையில் கொஞ்சம் நேரம் தரப்படுகிறது. போன்காரருக்கு அன்றைக்குச் சாயங்காலம் வரைதான் தரப்பட்டது.

வெளிச்சம் சாயும் வேளை. அவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். காதோரம் ஒன்று பறந்தது. பட்டென்று தட்டினார். உள்ளேயிருந்து மெல்லிய காலடி வந்தது. சின்னவள் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஜன்னலுக்குப் போனாள், முதல் தொட்டியில் ஊற்றினாள், தெருவைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று பறந்தது. தட்டினார். மறுபடி டம்ளர், மறுபடி ஜன்னல், இரண்டாவது தொட்டி. அவளுடைய தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. அவள் செடியைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் நிரம்பித் தட்டில் வழிந்து ஜன்னல் விளிம்பில் ஓடியதும் அவளுக்குத் தெரியவில்லை.

ஈ எதுவும் இல்லாமலே மூன்றாம் முறை அவர் கையைத் தூக்கினார். தட்டாமல் கீழே போட்டுக்கொண்டார். சமையலறைக்குப் போனார்.

"உன் தங்கச்சி ஏன் இப்படிப் பண்றா?"

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எப்படி?"

"நான் தட்டும்போதெல்லாம் தண்ணியோட ஜன்னலுக்கு ஓடுறா."

கத்தி நின்றது. "இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா?"

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கே போன வாரம்தான் சொன்னா. அந்த வீட்டுல பால்கனி ஒண்ணு இருக்கு. அங்க நின்னா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியற இடத்துல அந்த ஆளு கை வைக்கமாட்டான், அவனுக்கு நல்ல பேரு முக்கியம். அவன் குரல் மாறினா, எதையாவது தட்டினா, இவ தண்ணியை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போயிடுவா. சும்மா நின்னா உள்ள கூப்பிடுவான். செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா கூப்பிட முடியாது. ஊத்தற வரைக்கும் அடி இல்ல. அஞ்சு வருஷமா அந்தச் செடிங்கதான் அவளைக் காப்பாத்தியிருக்கு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் இல்லை, அவள் நறுக்கியது வெறும் பீர்க்கங்காய். "அவளுக்கே தெரியாதுங்க, ஊத்தறோம்னு. சத்தம் கேட்டா கை தானா போயிடுது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீங்க அறைஞ்சுக்கிட்டே இருக்கீங்க."

போன்காரர் தன் வாழ்நாளில் யாரையும் அடித்ததில்லை. அது அவருக்கு உள்ளூரப் பெருமை. அப்படிப்பட்டவர் இத்தனை வாரமாக ஒருத்தியைத் தினம் நூறு முறை அடித்திருக்கிறார். சத்தத்துக்கு அவள் பயந்தாள், பயத்தில் தண்ணீர் ஊற்றினாள், தண்ணீரில் ஈ பெருகிற்று, ஈயைக் கண்டு அவர் இன்னும் அறைந்தார். இந்தச் செக்கில் சுற்றியது அவர்தான்.

கொல்லைப்பக்கம் போய் மேஸ்திரிக்குப் போன் போட்டார். "நான் சொன்னதை மறந்துடுங்க. அவ இங்கயே இருக்கட்டும்."

"அது எப்படி சகலை? கூப்பிட்டுட்டு வேண்டாங்கறது மரியாதையா? ஞாயித்துக்கிழமை வரேன்." சிரிப்பு. போன் வைக்கப்பட்டது.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பெரிய உதவி செய்ய அவருக்குத் தெரியாது. தெரிந்த சின்னதைச் செய்தார். அன்று முதல் ஈயைத் தட்டுவதை விட்டார். மூக்கில் உட்கார்ந்தாலும் ஊதித் தள்ளினார். வாடிக்கையாளர் யாராவது குரலை உயர்த்தினால், "மெதுவா பேசுங்க, உள்ள ஆள் படுத்திருக்கு" என்றார். மறுநாள் ஒரு நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம், தெருவைப் பார்க்கப் போட்டார்.

"சின்னு, இது உனக்கு. எப்ப வேணாலும் வந்து உட்காரு. கையில ஒண்ணும் இருக்க வேண்டியதில்ல. இங்க உட்காந்திருக்கிறவளை யாரும் உள்ள கூப்பிடமாட்டாங்க."

அவள் அவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

மண் காயத் தொடங்கிற்று. மேல்பரப்பில் படிந்திருந்த பச்சைப்பாசி வெளுத்து, வெடித்து, சுருண்டது. எட்டாம் நாள் உருளைக்கிழங்கு வில்லையை இருவரும் சேர்ந்து திருப்பினார்கள். இரண்டே புழுக்கள் இருந்தன, அவையும் உலர்ந்து விறைத்து. பத்தாம் நாள் விளக்கடியில் ஒன்றுமில்லை. ஒரு செடி வாடிச் செத்தது. மற்ற எட்டும் பிழைத்தன.

ஈ போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தது.

* * *

அன்று காலை அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே வேலை செய்தார். "என்னங்க அதிசயமா கடை லீவு?" என்று மனைவி கேட்டதற்கு, "தலைவலி" என்றார். பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"அண்ணே, போன் ஒடஞ்சிருச்சு, ரொம்ப அவசரம்ணே."

இருபது வருடப் பழக்கம். எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டார். நீக்கிய பிறகுதான் அந்தக் குரலில் சிரிப்பு கலந்திருப்பது உறைத்தது.

மேஸ்திரி ஒரு பை ஆப்பிளோடு உள்ளே வந்தான். கதவைத் தானே சாத்தித் தாழிட்டான், தெருவுக்குத் தெரியாதபடி ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டான். ஜன்னலோர நாற்காலியில் இருந்தவள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஈ எப்படி இருக்கு சகலை?"

"போயிடுச்சு. நீங்களும் போங்க. அவ வரமாட்டா."

"நீங்கதானே கூப்பிட்டீங்க, வந்து கூட்டிட்டுப் போன்னு?"

சமையலறையிலிருந்து வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைத் தொங்கப் போட்டார்.

"இந்தச் செடிதானே வம்பு?" மேஸ்திரி ஒரு தொட்டியைத் தூக்கினான். சிரித்தபடியே கையை விட்டான். தரையில் சிதறிற்று. அடுத்தது. அடுத்தது. அவசரமே இல்லாமல், டைல்ஸ் எண்ணி வைப்பது போல ஒவ்வொன்றாகப் போட்டான். ஓடுகள் தெறித்தன. காய்ந்த மண் புகையாக எழுந்தது. ஐந்தாவது தொட்டியைத் தரையில் போடவில்லை, சின்னவளின் தலைக்குப் பக்கத்துச் சுவரில் வீசினான். ஓர் ஓட்டுத் துண்டு அவள் புருவத்தைக் கிழித்தது.

"கிளம்பும்மா" என்றான் அன்பாக. அவள் கூந்தலை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தான். அவள் முட்டி ஓடுகளின் மேல் அறைந்து விழுந்தது.

போன்காரர் அவன் கையைப் பிடித்தார். முழங்கை ஒன்று அவர் முகத்தில் இறங்கிற்று. மூக்குத்தண்டு நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது. ரத்தம் சட்டையில் கொட்டிற்று. மனைவி இரும்புச் சட்டியை எடுத்துவந்து மேஸ்திரியின் முதுகில் ஓங்கி அடித்தாள். அவன் திரும்பிப் பார்க்காமலே அவள் வயிற்றில் உதைத்தான். அவள் வாசற்படியில் மோதிச் சுருண்டாள்.

போன்காரர் தரையில் தவழ்ந்துபோய் அவன் காலை இடது கையால் கட்டிக்கொண்டார். வேறொன்றும் அவருக்குத் தெரியவில்லை. விடாமல் பிடிப்பது மட்டும் தெரிந்தது. தலையில் குத்தினான், விடவில்லை. காதைத் திருகிக் கிழித்தான், விடவில்லை.

"இந்தக் கைதானே போனை எடுத்து எனக்குப் பேசினது?" என்றான் மேஸ்திரி. அவருடைய வலது கையை முறுக்கித் தூக்கி, மேஜையில் சூடேறிக் கிடந்த தட்டின் மேல் வைத்துத் தன் முழு எடையையும் கொடுத்து அழுத்தினான்.

அவர் அலறியது மனிதக் குரலாகவே இல்லை. தோல் தட்டில் ஒட்டிற்று. ஆனால் இடது கை அவன் காலை விடவில்லை.

இரண்டு கையாலும் அழுத்துவதற்காக மேஸ்திரி கூந்தலை விட்டிருந்தான். சின்னவள் எழுந்தாள். அவள் கை பழக்கத்தில் டம்ளரைத் தேடிப் போயிற்று. பாதியில் நின்றது. பிறகு அவள் திரையை ஒதுக்கி ஜன்னல் கம்பிகளை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஐந்து வருடமாகத் தெருவைப் பார்த்து நின்றிருக்கிறாள், ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"வாங்க! யாராவது வாங்க! எங்க மாமாவைக் கொல்றான்!"

முதலில் வந்தது தையல்காரம்மாள், கையில் துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு. பின்னால் வேன்காரர். அவர் கதவை இரண்டு முறை தோளால் மோதியதில் தாழ்ப்பாள் பிய்ந்து வந்தது. பக்கத்துச் சலவைக்கடைக்காரரும் சேர்ந்து மேஸ்திரியைக் கீழே தள்ளினார்கள். வேன்காரர் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தார். அப்போதும் அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"சும்மா குடும்பச் சண்டைங்க. இவங்க என் சொந்தக்காரங்க."

"குடும்பச் சண்டைல ஏண்டா கறி கருகற வாசனை வருது?" என்றாள் தையல்காரம்மாள். கத்தரிக்கோலை அவன் கண்ணெதிரே விரித்துப் பிடித்தாள். "இன்னொரு வாட்டி சிரிச்சே, வாயை ரெண்டு பக்கமும் வெட்டி நிரந்தரமா சிரிக்க வச்சிடுவேன்."

அப்போதுதான் அந்தச் சிரிப்பு போயிற்று. அதற்கு அடியில் இருந்த முகத்தைத் தெரு முதன்முதலாகப் பார்த்தது.

* * *

மருத்துவமனை நடையில் ஒரு நீள பெஞ்ச். போன்காரரின் வலது கை முழங்கை வரை கட்டுப்போட்டிருந்தது. மூக்கில் பஞ்சு. காதில் ஏழு தையல். பக்கத்தில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நீங்கதான் கூப்பிட்டீங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமா."

"ஈக்காக."

"ஆமா."

"அந்தச் சட்டியை அவன் மேல போட்டிருக்கக் கூடாது. உங்க மேல போட்டிருக்கணும்."

"போட்டிருக்கணும்" என்றார் அவர். தலை குனிந்தே இருந்தது. "சின்னு, வேண்டாம்னு அன்னைக்கே திருப்பிச் சொன்னேன். அவன் கேக்கல. உங்ககிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. என் வாய்தான் உன்னை வித்துச்சு. மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட..."

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள் சின்னவள். புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி, அதைச் சுற்றி வீக்கம். "நீங்க கூப்பிட்ட அரை மணி நேரத்துல அவர் என் போனுக்கு எழுதி அனுப்பிட்டார், உன் மாமாவே உன்னை வேண்டாங்கறார்னு. பையை எடுத்து வச்சுட்டேன். அன்னைக்கே எங்கயாவது போயிடலாம்னு இருந்தேன்."

அக்காவும் மாமாவும் அவளைப் பார்த்தார்கள்.

"அப்புறம் ஏன் போகல?"

"மத்தியானம் கூப்பிட்டீங்க. சாயங்காலம் கை தட்டறதை நிறுத்தினீங்க. மறுநாள் நாற்காலி போட்டீங்க." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இதுல எது எங்க மாமான்னு பாத்துட்டுப் போகலாம்னு இருந்துட்டேன்."

போன்காரர் அழுதார். மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு அழுவது சுலபமில்லை. மனைவி இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் முந்தானை நுனியால் அவர் வாயருகே வடிந்ததைத் துடைத்துவிட்டாள். மனிதர்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் மன்னிக்கத் தொடங்குகிறார்கள், மனம் இன்னும் ஒப்பாதபோதே கை முந்திக்கொள்கிறது. கடவுள் கையைக் கொடுத்தது இதற்காகவும் இருக்கலாம்.

ஒரு பெண் காவலர் அட்டையும் காகிதமுமாக வந்தாள். நாள் முழுக்க நின்ற களைப்பு அவள் குரலில் இருந்தது. சின்னவளுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"புகார் கொடுக்கிறீங்களா, இல்ல பேசி முடிச்சுக்கிறீங்களா? அவங்க வீட்டு ஆளுங்க வெளிய நிக்கிறாங்க. சமாதானமா போயிடலாம்னு சொல்றாங்க. நல்ல பையன், ஒரு தடவை புத்தி தடுமாறிடுச்சுங்கறாங்க."

"ஒரு தடவை இல்லைங்க" என்றாள் சின்னவள். இடது கையை நீட்டி வளைந்து கூடியிருந்த விரலைக் காட்டினாள். "இதுலேருந்து எழுதுங்க. நான் ஒவ்வொண்ணா சொல்றேன்."

எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காவலர் இடையில் ஒருமுறை பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஒருமுறை, "மெதுவா சொல்லும்மா, அவசரம் இல்ல" என்றாள். முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"இப்ப தங்கியிருக்கிற முகவரி?"

சின்னவள் அக்கா வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் சொன்னாள்.

"நிரந்தர முகவரி? புருஷன் வீடுதானே?"

போன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சின்னவள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. காவலரின் பேனா நுனியையே பார்த்துக்கொண்டு, நடுங்காத குரலில், அதே கதவு எண்ணை இன்னொரு முறை சொன்னாள்.